அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய போலி நிலாப் படம்: உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

அறிவியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04 மணி. விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியபோது எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரே திரைக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அதனால் எங்களுக்கு அது சொந்த வீட்டு விசேஷம் மாதிரி.

மறுநாள் காலையில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. சாம்பல் நிற மண்ணில் அசோகச் சின்னமும் இஸ்ரோ முத்திரையும் அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருந்தன. ‘பிரக்யான் நிலவில் பதித்த தடம்’ என்று கீழே எழுதியிருந்தது. விக்ரமுக்குள்ளிருந்து இறங்கி நிலவில் ஓடிய சிறு சக்கர வண்டிதான் பிரக்யான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்ணத்தில் அச்செடுத்துப் பலகையில் ஒட்டினேன், காலை இறைவணக்கத்திலும் அதைப் பற்றிப் பேசினேன்.

நாலைந்து நாள் கழித்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து கேட்டாள்: “மிஸ், சக்கரம் உருண்டுகிட்டே போனா சின்னம் திரும்பத் திரும்பத்தானே வரணும்? ஏன் ஒரு தடவைதான் இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு தேடிப் பார்த்தேன். பிரக்யானின் பின்சக்கரங்களில் அந்தச் சின்னங்கள் பொறிக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் நான் ஒட்டிய படம் யாரோ கணினியில் உருவாக்கியது. அடுத்த நாள் படத்தைக் கழற்றிவிட்டு, பிரக்யான் ஆகஸ்ட் 30 அன்று எடுத்த விக்ரமின் உண்மையான படத்தை ஒட்டினேன். பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். “கருப்பு வெள்ளையா இருக்கு மிஸ். பழசே நல்லா இருந்துச்சு” என்றான் ஒருவன்.

நான் ஏமாந்ததைவிட இதுதான் எனக்கு வலித்தது. 26 கிலோ எடையுள்ள ஒரு வண்டி, நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் நின்று தன் கண்ணால் பார்த்து அனுப்பிய படம் அது. அந்த வயதில் ஒரு பிள்ளை அதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும். போலிப் படம் முந்திக்கொண்டு வந்து அந்த வியப்பைப் பறித்துக்கொண்டது. உங்களுக்கு நடந்தவற்றையும் எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்:

எங்கள் குடும்பக் குழுவில் தீபாவளி தவறினாலும் அந்தப் படம் தவறாது. இந்தியா முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னும், ‘தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நம் நாடு, நாசா வெளியிட்டது’ என்று சித்தப்பா போடுவார். அது ஓர் இரவின் படமே அல்ல. பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நகரங்கள் எப்படிப் பெருகின என்று காட்டச் செய்தது. 1992-க்கு முன்பே இருந்த விளக்குகள் வெள்ளை, 1992-இல் தெரிந்தவை நீலம், 1998 என்றால் பச்சை, 2003 என்றால் சிவப்பு. நாசா 2012 நவம்பர் 12 அன்று எடுத்த உண்மையான தீபாவளி நேரப் படத்தைக் காட்டினேன். சாதாரண இரவு போலத்தான் இருந்தது. நாம் கொளுத்தும் வெளிச்சம் அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் தனியாகத் தெரியாது.

சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை. வண்ணங்களின் கணக்கைக் கேட்டதும், “அப்போ நம்ம ஊர் எந்த வருஷம் தெரிய ஆரம்பிச்சுது?” என்று படத்தைப் பெரிதாக்கித் தேட ஆரம்பித்துவிட்டார்.

தஞ்சாவூரிலிருந்து, படம் எடுப்பவர்:

டீச்சர், உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நான் படும் பாடு அதுதான்.

பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் விமானத்தைவிடப் பெரிய நிலா நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். விமானம் 216 அடி, சுமார் 66 மீட்டர். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் மறைந்துவிடும். கிட்டப் போனால் கட்டடம் பெரிதாகத் தெரியும், தள்ளிப் போனால் சிறுக்கும். நிலா மட்டும் நாம் எங்கே நின்றாலும் அதே அளவுதான். கணக்குப் போட்டால், ஒரு கட்டடமும் நிலாவும் படத்தில் ஒரே உயரமாக விழ வேண்டுமானால் கட்டடத்தின் உயரத்தைப்போல் 110 மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். பெரிய கோயிலுக்கு அது ஏழு கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து மரமும் வீடும் மறைக்காமல் முழு விமானமும் தெரிய ஓர் இடம் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், இன்றே கிளம்பி வருகிறேன்.

நான் கோயிலுக்கு மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் ஓர் இடம் பிடித்தேன். அங்கிருந்து பார்த்தால் நிலா, விமானத்தின் உயரத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூடுதல். மாதத்தில் ஒரு நாள்தான் வாய்ப்பு, அன்றைக்கு மேகம் வந்தால் அடுத்த மாதம். நிலா உதிக்கும் திசையும் மாதத்துக்கு மாதம் நகரும், ஆகவே நானும் வரப்பு வரப்பாக நகர வேண்டும். ஏழாவது மாதம்தான் படம் கிடைத்தது. அதைப் போட்டபோது வந்த முதல் கேள்வி, “ஏன் நிலா இவ்வளவு சின்னதா இருக்கு?”

ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க எனக்கு உதவும் ஓர் அடையாளம் உண்டு. நிலவின் விளிம்பருகே தனியாக ஒரு வட்டக் கருந்திட்டு இருக்கும், மேரே கிரிசியம் என்பார்கள். நம் ஊரில் முழுநிலா உதிக்கும்போது அது மேல்பக்கமாக இருக்கும். ஒட்டுப் படங்களில் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும், ஏனென்றால் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ நிலா உச்சிக்கு வந்தபின் எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். நிலாவுக்கு முன்னால் போக வேண்டிய மேகம் பின்னால் போகும் படங்களும் ஏராளம். பிறைக்குள் நட்சத்திரம் மின்னினால் அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்:

2015 ஆகஸ்ட் 27. நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வானத்தில் இரண்டு நிலா தெரியும், செவ்வாய் முழுநிலா அளவுக்கு வரும் என்று படத்தோடு ஒரு செய்தி. அம்மம்மா முற்றத்தில் கதிரை போட்டுக் காத்திருந்தா. ஒரு நிலாதான் இருந்தது. செவ்வாய் அன்று விடியப் போகும் நேரத்தில்தான் கிழக்கே எழும்பியது. 2003 ஆகஸ்டில் செவ்வாய் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு, 5.6 கோடி கிலோமீட்டர் வரை, நெருங்கியது. தொலைநோக்கியில் 75 மடங்கு பெருக்கிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலா அளவு இருக்கும் என்று அப்போது எழுதினார்கள். அந்த 75 மடங்கு எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மிச்சம் ஆண்டு தவறாமல் வருகிறது. அம்மம்மா அடுத்த ஆண்டும் கேட்டா. அதற்கு அடுத்த ஆண்டு அவ இல்லை.

மதுரையிலிருந்து, தொலைநோக்கி வைத்திருப்பவர்:

இவை எல்லாம் மனிதர் செய்தவை. எனக்கு இப்போது பயம் தருவது செயற்கை நுண்ணறிவுப் படங்கள்தான். 2025-இல் 3ஐ/அட்லஸ் வால்வெள்ளி வந்தது. நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து நாம் கண்டுபிடித்த மூன்றாவது விருந்தாளி. உலோகக் குழாய் மாதிரி, ஜன்னல் வைத்து, பக்கத்தில் போய் எடுத்ததுபோல் எனக்கு மட்டும் எத்தனை படங்கள் வந்தன! அது பூமிக்கு மிக நெருங்கிய டிசம்பர் 19 அன்றுகூட 27 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருந்தது. ஜூலையில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் தெரிந்தது ஒரு தூசிப் போர்வை மட்டுமே. உள்ளே இருக்கும் கரு 5.6 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது என்று அதை வைத்துக் கணித்தார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு என் தொலைநோக்கியில் சனியின் வளையத்தைக் காட்டினேன். “அண்ணே, உள்ளே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்களா?” என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் படங்களையும் இப்போது பலர் போலி என்கிறார்கள். அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அலைநீளத்துக்கு ஏற்ப வண்ணம் கொடுக்கிறார்கள். அங்கே இல்லாத எதையும் வரைந்து சேர்ப்பதில்லை. இந்த வேறுபாட்டை அந்தப் பையனுக்கு விளக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. கடைசியில், வானத்தின் ஓட்டத்துக்கேற்பத் தொலைநோக்கியை நகர்த்தும் பொறியை நிறுத்திவிட்டு, சனி தானாக நகர்ந்து பார்வையிலிருந்து வெளியே போவதைக் காட்டினேன். அப்போதுதான் நம்பினான்.

அறிவியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டிக்கர் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். இந்த வாரம் வகுப்பில் வேறு ஒரு படத்தை எடுத்தேன். 2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யானுக்கு மூன்று மீட்டர் முன்னால் ஒரு பள்ளம் வந்தது, குறுக்களவு நான்கு மீட்டர். வண்டி திரும்பி, வந்த தடத்திலேயே போனது. அதையும் படம் எடுத்தது, மண்ணில் சக்கரத் தடம் நீண்டு கிடக்கும். இதுவும் கருப்பு வெள்ளைதான்.

இந்த முறை படத்தை முதலில் காட்டவில்லை. மைதானத்தில் சுண்ணாம்பால் நான்கு மீட்டர் வட்டம் போட்டு, மூன்று மீட்டர் தள்ளி ஒரு பெஞ்சை வைத்து, “இதுதான் வண்டி. முன்னால் பள்ளம். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் போகும். என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். அரை மணி நேரம் சண்டை. சுற்றிப் போகலாம் என்றார்கள், இறங்கி ஏறலாம் என்றார்கள். அப்புறம் படத்தைக் கொடுத்தேன். தடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். “மிஸ், திரும்பிப் போயிருக்கு, இங்க பாருங்க” என்று ஒருத்தி கத்தினாள். யாரும் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை.