மறு: ஸ்டேக்கிங் டூல் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பு நண்பர்களே,

> ஸ்டேக் என்றால் முளை, கழு. "முளையடி கருவி" என்று வைத்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. முளையடித்தால் மாடு கட்டலாம். வாட்ச் ரிப்பேர் செய்ய முடியாது. ஸ்டேக்கிங் டூல் வாட்சின் சிறு பாகங்களைத் தட்டிப் பொருத்தும் கருவி. உலோக வேலையில் ஸ்டேக் என்பது தகட்டை ஏற்றிவைத்துத் தட்டும் சிறு பட்டடை. அங்கிருந்து தொடங்குவோம்.

என் மேசையில் ஒரு பழைய ஸ்டேக்கிங் டூல் செட் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் லெபனான் என்ற ஊரில் கென்ட்ரிக் அண்ட் டேவிஸ் நிறுவனம் செய்தது. வளைந்த இரும்புச் சட்டம், அடியில் சுழலும் வட்டத் தட்டு, தட்டின் ஓரமாகப் பெரிதும் சிறிதுமாகத் துளைகள், மேலிருந்து செங்குத்தாக இறங்கும் கோல்கள். வேண்டிய துளையைக் கோலுக்கு நேரே நிறுத்தித் தட்டை இறுக்கிவிட்டால், சுத்தியல் கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் கோல் கோணாது.

இதன் தலையாய வேலை, இப்படியும் அப்படியும் ஆடி வாட்சின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்குப் புது அச்சு போடுவது. அதிர்ச்சி தாங்கும் அமைப்பு இல்லாத பழைய வாட்ச் கை தவறி விழுந்தால் முதலில் ஒடிவது அந்த அச்சின் முனைதான்; தடிமன் சுமார் 0.1 மி.மீ. புது அச்சைத் துளையில் நிறுத்திச் சக்கரத்தை ஏற்றி, நடுவில் துளையுள்ள உருண்டை முகக் கோலை வைத்து மெல்லத் தட்டினால் அச்சின் உதடு வெளிப்பக்கமாக விரியும். அப்புறம் தட்டையான முகமுள்ள கோலால் இரண்டு தட்டு. உதடு சக்கரத்தோடு படிந்துவிடும்.

இது தறைதல்தானே, அதாவது ரிவெட் அடிப்பது? தறையாணி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை "தறைபட்டடை". வினைத்தொகை, நடுவில் ப் வேண்டாம். தயவுசெய்து "பட்டறை" என்று தட்டச்சு செய்துவிடாதீர்கள். இரண்டு நாள் பயிற்சி என்று நினைத்து யாராவது பெயர் பதிவுசெய்வார்கள்.

ரோலரை (பேலன்ஸ் அச்சில் ஏறும் சிறு வட்டு) ஏற்றுவது, தளர்ந்த கேனன் பினியனை (நிமிட முள்ளைத் தாங்கும் குழாய்ப் பல்சக்கரம்) இறுக்குவது இதெல்லாம் தறைதல் இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான். அரிவாள்மனையில் தேங்காயும் துருவுகிறோம், பெயரை மாற்றவில்லை.

அடுத்து பஞ்ச், அதாவது மேலிருந்து இறங்கும் அந்தக் கோல்கள். "துளைப்பான்" என்று முன்மொழிந்த நண்பர் மன்னிக்க வேண்டும். இந்தப் பெட்டியில் துளை போடவென்று ஒரு கோல்கூட இல்லை. சுத்தியல் அடியை வாங்கிக் கீழே கடத்துவதுதான் அவற்றின் வேலை. "தட்டுகோல்" போதும்.

ஸ்டம்ப், அதாவது பாகத்தைக் கீழிருந்து தாங்கும் துண்டு, அதற்கு வந்த "அடிக்கட்டை"யிலும் எனக்குத் தயக்கம். இதே நிறுவனத்தின் இன்வெர்ட்டோ மாதிரியில், மேலே தட்டு வாங்கும் கோலையே தலைகீழாக்கிக் கீழே செருகலாம். அப்போது அதுவே ஸ்டம்ப். ஒரே பொருள் மேலே கோல், கீழே கட்டை என்றால் படிப்பவர் குழம்புவார். மேலே இருந்தால் தட்டுகோல், கீழே இருந்தால் தாங்குகோல் என்று வைத்துக்கொள்ளலாமே?

துளையை நேர்பார்க்கும் கூர்முனைக் கோலுக்கு "மையக்கோல்". "நடுகோல்" என்றும் யோசித்தேன், நடுகல் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.