பிளாட் சீரமைப்பு – புதுப்பிப்பு: ஒழுகலும் ஓட்டுரிமையும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து மலிவு விலை பிளாட்டுகளைக் குடியிருப்பவர்களே சேர்ந்து சீர்செய்வது பற்றி முன்பு எழுதியிருந்தேன். மாநிலப் பராமரிப்பு நிதி அதிகபட்சம் 80 விழுக்காடு தரும், மீதி நாம் திரட்ட வேண்டும் என்பதோடு நிறுத்தியிருந்தேன். பிறகு வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒழுகல் பற்றியவை.

சீலிங் பெயின்ட் உப்பி, தொட்டால் பொடியாக உதிர்கிறதா? அதன்மேல் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிக் கம்பி துருவேறும், சிமெண்டு பெயர்ந்து விழும். நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிகளின்படி 7 நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கும்வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். இதைச் சண்டைக்கு ஆயுதமாக்க வேண்டாம், அண்ணன் அக்காவாகப் பேசிச் சோதனைக்கு நாள் குறியுங்கள்.

மேல்வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் சுற்றினால் குழாயில்தான் கோளாறு. சுற்றாவிட்டால் குளியலறை வடிகாலை அடைத்து, சாயம் கலந்த நீரை 2 அங்குலம் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். கீழே நிறம் தெரிந்தால் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது. பலர் தரைக்கு மட்டும் பூசுகிறார்கள். சுவரில் ஓரடி உயரமும் வடிகால் வாயைச் சுற்றியும் பூசாவிட்டால் மீண்டும் ஒழுகும்.

ஓட்டுரிமை: வீட்டு உரிமையாளர் பொதுக்கூட்டத்துக்கு 7 நாள் முன்பே பராமரிப்புக் கட்டணப் பாக்கியைக் கட்டிவிடுங்கள், இல்லையேல் ஓட்டு இல்லை.