யூமா வாசுகியை எங்கிருந்து தொடங்குவது?

மன்னார்குடி வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு எழுத்தாளரைப் பற்றிப் பேச வேண்டும். ‘நம்ம பக்கத்து ஆள்தானே’ என்று யூமா வாசுகியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கால் மணி நேரம். நான் படித்தது அவர் மலையாளத்திலிருந்து கொண்டுவந்த ‘கசாக்கின் இதிகாசம்’ மட்டும்தான். அதை வைத்துப் பேசினால் மூலத்தை எழுதிய ஓ.வி. விஜயனைப் பற்றிப் பேசியதாகிவிடும். இவருடைய சொந்த எழுத்தில் எதை முதலில் எடுக்கலாம், கவிதையா நாவலா? கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது.

குடந்தை ரசிகன்:
பிறந்தது 1966, பட்டுக்கோட்டை. இயற்பெயர் மாரிமுத்து. எங்கள் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். ‘கசாக்’குக்கு 2017இல் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்பு விருது, 2024இல் ‘தன்வியின் பிறந்தநாள்’ சிறுவர் கதைகளுக்கு பால சாகித்திய புரஸ்கார். இதைச் சொன்னாலே ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

போர்டுக்காரர்:
விருதுப் பட்டியலை வாசித்தால் பாதிப் பேர் செல்போனை எடுத்துவிடுவார்கள், தங்கச்சி.

நான் பட்டுக்கோட்டை. ஃபிளெக்ஸ் வரும்வரை போர்டு எழுதிப் பிழைத்தேன். இப்போது தென்னை, அதுவும் கஜா புயல் எடுத்ததுபோக மிச்சம். எங்கள் ஊரில் கவிஞர் என்றால் கல்யாணசுந்தரம்தான், மணிமண்டபமும் அவருக்குத்தான். இன்னொரு கவிஞரும் இங்கே பிறந்திருக்கிறார் என்பது எனக்கே ஐம்பது தாண்டித்தான் தெரியும்.

2018 நவம்பரில் புயல் அடித்த பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 22 நாள் ஆனது. மருமகன் விட்டுப்போன இவருடைய ‘இரத்த உறவு’ நாவல் பரணில் நனையாமல் கிடந்தது. சிம்னி விளக்கில் படித்தேன். குடித்துவிட்டு வரும் அப்பா, அடி வாங்கும் அம்மா, ஒண்டிக்கொள்ளும் பிள்ளைகள். இருபது பக்கத்துக்கு மேல் ஒரே மூச்சில் முடியவில்லை. மூடிவைத்துவிட்டு, விழுந்த மரங்களை எண்ணப் போவேன். அது இதைவிட லேசாக இருந்தது.

என் அப்பாவும் குடிப்பார். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று நானும் தம்பியும் கண்டுபிடித்துவிடுவோம். ஒரே மிதியில் ஸ்டாண்டு ஏறினால் சாப்பிடலாம். இரண்டு மூன்று தடவை கால் தவறினால் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு ஓட்டம். நாற்பது வருடம் நாங்கள் அதைப் பேசியதே இல்லை. நாவலை முடித்த அன்றைக்குத்தான், டவர் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். போர்டு எழுதும் முன் நூல் அடிப்போம். நீலப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். எழுத்து காய்ந்ததும் கோட்டைத் துடைத்துவிட வேண்டும். இவர் உரைநடையில் சில இடங்களில் அந்தக் கோடு அப்படியே தெரியும். வர்ணனைமேல் வர்ணனையாக ஏறிக்கொண்டே போகும். இவருடைய இன்னொரு நாவல் ‘மஞ்சள் வெயில்’ இன்னும் மோசம். பத்திரிகையில் படம் வரைகிற ஒருவன் தன் காதலைக் கடிதமாகக் கொட்டுகிறான். இருபத்தைந்தில் படித்திருந்தால் அழுதிருப்பேன், இந்த வயதில் கூச்சமாக இருந்தது. பிள்ளைகள் வருகிற பக்கங்களில் மட்டும் கோடே தெரியாது.

அதனால் ‘இரத்த உற’வையும் அவருடைய சிறுவர் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். அடி வாங்கிய பிள்ளைகளை அப்படி எழுதியவர், அப்புறம் பிள்ளைகளுக்காகவே கதை எழுதுகிறார், மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்தும் தருகிறார். நான் ஜோசியம் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்களுக்கே ஏதோ தட்டுப்படும்.

குடந்தை ரசிகன்:
கவிதையை அம்போ என்று விட்டுவிட்டீர்களே! ‘இரவுகளின் நிழற்படம்’ என்று கவிதைத் தொகுப்பு இருக்கிறது, அதையாவது புரட்டிவிட்டுப் போங்கள். அவர் முதலில் கவிஞர்.

போர்டுக்காரர்:
அதுவும் சரி. எனக்குக் கவிதை அவ்வளவு பிடிபடாது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மன்னார்குடி வாசகி:
நன்றி அண்ணா. ஸ்டாண்டு சத்தம் காதிலேயே நிற்கிறது. கூட்டத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருவார்கள். ‘இரத்த உறவி’லிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டலாமா?

போர்டுக்காரர்:
அடி விழுகிற பக்கம் வேண்டாம். எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறதோ. அவர்களுக்குத் ‘தன்வி’யிலிருந்து ஒரு கதை படியுங்கள். நாவல் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், மன்னார்குடி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். அட்டையில் மண்ணெண்ணெய்க் கறை இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.