1942 நாடகத்தை எழுதிய 'ஒரு குமாஸ்தா' யார்?

எல்லோருக்கும் வணக்கம். பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு சின்ன நாடகப் புத்தகம் கிடைத்தது. விலை 4 அணா. ஆசிரியர் பெயருக்குப் பதில் 'ஒரு குமாஸ்தா' என்று மட்டும் இருக்கிறது. அச்சகத்தின் பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது!

கதை 1942 ஏப்ரலில் நடக்கிறது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்ட பிறகு சென்னையே காலியானதே, அந்த நாட்கள். இரண்டாம் காட்சியில் சங்கு ஊதுகிறது. மாமியார் பதுங்குகுழிக்குள் ஊறுகாய் ஜாடியையும் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். நேரில் பார்த்தவர் எழுதியது போலத்தான் தெரிகிறது. அரசாங்க உத்தியோகம் என்பதால் பெயரை மறைத்திருப்பாரோ என்பது என் ஊகம்.

1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சான புத்தகங்களைப் பதிவுசெய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட்டார்கள். பக்கம், பிரதிகள், விலை, அப்புறம் பதிப்புரிமை யாருடையது, அவர் முகவரி என்ன என்பது வரை அதில் வரும். அட்டையில் புனைபெயர் போட்டவர்கூட அந்தக் கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

1942, 1943 சென்னை மாகாணப் பட்டியல்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கன்னிமாரா நூலகத்திலோ யாராவது புரட்டியிருக்கிறீர்களா? எந்தப் பிரிவில் கேட்க வேண்டும்? தாத்தா, பெரியப்பா யாராவது அந்தக் கால சபா நாடகங்களில் நடித்திருந்தால், பழைய நோட்டீஸ்களையும் ஒரு பார்வை பாருங்களேன். அட்டைப் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.