18 வோல்ட் கருவிகளை வைத்துக்கொள்வதா, 40 வோல்ட்டுக்கு மாறுவதா?

கேள்வி
மரவேலைக்காக ஒன்பது ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் 18 வோல்ட் கார்ட்லெஸ் கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன். டிரில், இம்பாக்ட் டிரைவர், சர்க்குலர் சா, கிரைண்டர் ஆகியவற்றுடன் 2 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரிகள் நான்கு இருக்கின்றன. இப்போதெல்லாம் 40 மில்லிமீட்டர் கனமுள்ள தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுத்தால் பாதியிலேயே சா நின்றுவிடுகிறது. உடனே பேட்டரியின் பொத்தானை அழுத்திப் பார்த்தால், சார்ஜ் மீதமிருப்பதைக் காட்டி மூன்று விளக்குகள் எரிகின்றன. அந்நிறுவனத்தின் 40 வோல்ட் வரிசைக்கு மாறினால் இத்தொல்லை தீருமா? பழைய பேட்டரிகள் அதில் பொருந்தா என்பதால் தயங்குகிறேன்.

மறுமொழி 1
ஐயா, கருவியைக் குறை சொல்லுமுன் பேட்டரியைச் சோதியுங்கள். பேட்டரிக்குள் இருக்கும் சிறு மின்கலமான செல் வயதானால், மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் உள்மின்தடை ஏறிவிடும்; சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் சரியாகத் தெரியும், சுமை ஏறியதும் சட்டென்று விழும், உடனே பாதுகாப்புச் சுற்று கருவியை நிறுத்திவிடும். விளக்குகள் மூன்று எரிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். தெரிந்தவரிடம் அதே வகைப் புதிய பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி, அதே பலகையை அறுத்துப் பாருங்கள். பிளேடின் பற்களில் பிசின் படிந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்; மழுங்கிய பிளேடு எந்தப் பேட்டரியையும் திணறடிக்கும்.

மறுமொழி 2
40 என்ற எண்ணைக் கண்டு ஆற்றல் இரட்டிப்பாகிறது என்று பலர் நம்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. 40 என்பது முழுச் சார்ஜில் உள்ள அளவு. பெயரளவு மின்னழுத்தம், அதாவது பயன்பாட்டின்போது சராசரியாகக் கிடைப்பது, 36 வோல்ட்தான். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்து செல்கள், ஐந்தைந்தாக இரண்டு வரிசையில் இருக்கும். அதில் சேமிக்கப்படும் மொத்த ஆற்றல் 90 வாட்-மணி. அதே பத்து செல்களை ஒரே தொடராக இணைத்தால் 36 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி, அதுவும் 90 வாட்-மணியே. மின்னோட்டம் பாதியாவதால் கம்பியிலும் முனைகளிலும் சூடு குறைவது உண்மையான நன்மை. ஆனால் ஒவ்வொரு செல்லும் தாங்கும் சுமை மாறுவதில்லை. உங்கள் 2 ஆம்பியர்-மணி பேட்டரியிலோ ஐந்தே செல்கள்! சா 30 ஆம்பியர் இழுத்தால் ஒவ்வொரு செல்லும் முழு 30 ஆம்பியரையும் தர வேண்டும். பத்து செல் பேட்டரியில் அது 15 ஆகிவிடும்.

மறுமொழி 3
மாறுவதென்று முடிவெடுத்தால், பழையது புதியதோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகும் என்பதை முதலில் விசாரியுங்கள். டிவால்ட் 2016இல் 60 வோல்ட் கருவிகளுக்காகக் கொண்டுவந்த ஃப்ளெக்ஸ்வோல்ட் பேட்டரி, அந்நிறுவனத்தின் 20 வோல்ட் கருவிகளிலும் இயங்கும். மக்கீட்டாவின் 40 வோல்ட் எக்ஸ்ஜிடி சார்ஜரில் அடாப்டர் வைத்து 18 வோல்ட் எல்எக்ஸ்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றலாம். கருவிகளிலோ ஒன்றின் பேட்டரி மற்றதில் சேராது. டிரிலுக்கும் இம்பாக்ட் டிரைவருக்கும் 18 வோல்ட் தாராளம்.

கேட்டவர்
இரவல் வாங்கிய 5 ஆம்பியர்-மணி பேட்டரியைப் போட்டு, பிளேடையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கியபின், அதே பலகை ஒரே மூச்சில் அறுபட்டது. பேட்டரி இளஞ்சூடாக மட்டுமே இருந்தது. ஆகவே அத்தகைய பேட்டரிகள் இரண்டு மட்டும் வாங்குகிறேன். நாள் முழுக்க ஓடும் கிரைண்டர் பழுதாகும்போது 40 வோல்ட்டைப் பற்றி மீண்டும் யோசிப்பேன். மூவருக்கும் மிக்க நன்றி.