ஆயில் குடிக்குது, ஆனா கீழ ஒரு சொட்டு லீக் இல்ல – ரிங்கா, வால்வ் சீலா?

வணக்கம் நண்பர்களே, பழைய பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, ஒன்னரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. மேக்ஸ் கோடு வரைக்கும் ஊத்தின ஆயில் 1500 கிலோமீட்டர்லயே மினிமம் கோட்டுக்கு வந்துடுது. கீழ அட்டை போட்டு வச்சுப் பார்த்தாச்சு, கறையே இல்ல, கூலன்ட்டும் குறையல. காலைல ஸ்டார்ட் பண்ணதும் குப்புனு ஒரு நீலப் புகை, அப்புறம் ஒன்னும் இல்ல. மெக்கானிக் சைலன்சர் வாய்க்குள்ள விரல விட்டுப் பார்த்துட்டு "பிஸ்டன் ரிங் போச்சு, இன்ஜின் இறக்கணும்"னு ஒரே வரில முடிச்சுட்டார். பிக்கப் நல்லாத்தான் இருக்கு. இறக்குறதுக்கு முன்னாடி வேற ஏதாவது பார்க்கலாமா?

ஸ்பேனர்:
இப்போதைக்கு இறக்காதீங்க ப்ரோ. புகை எப்ப வருதுங்கறதுதான் இங்க முக்கியம். ராத்திரி முழுக்க நின்ன வண்டி காலைல மட்டும் புகை விட்டா முதல் சந்தேகம் வால்வ் ஸ்டெம் சீல் மேலதான், ஹெட்ல (இன்ஜினோட மேல்பகுதி) தேங்கி நிக்கிற ஆயில் இறுகிப்போன சீல் வழியா வால்வ் தண்ட ஒட்டியே உள்ள இறங்கி, ஸ்டார்ட் பண்ணதும் எரியும். ரிங்னா ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது புகை அதிகமாகும். ஒரு நீளமான இறக்கத்துல கியர்லயே ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு இறங்குங்க, கீழ வந்து மிதிக்கும்போது பின்னாடி வர்ற வண்டில ஒருத்தர பார்க்கச் சொல்லுங்க, அப்ப நீலமா குப்புனு வந்தா சீல் மேல சந்தேகம் கூடும்.

பழையவண்டி:
அதுக்கும் முன்னாடி பிசிவி வால்வ் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய இன்டேக்குக்கு அனுப்பறது) பாருங்க, சின்ன பார்ட்டுதான், ஆனா அது திறந்தபடியே மாட்டிக்கிட்டா ஆயில் ஆவியெல்லாம் நேரா இன்டேக்குக்குள்ள போய் எரியும், ஊர்ல உள்ள எல்லாரும் ரிங்க திட்டிக்கிட்டு இருப்பாங்க. கழட்டி ஆட்டினா உள்ள டக் டக்னு சத்தம் வரணும் (டயாஃப்ரம் டைப்ல வராது). ஐடில்ல ஆயில் மூடியத் திறந்து பாருங்க, புஸ்ஸு புஸ்ஸுனு விடாம புகை தள்ளினா ரிங் பக்கம் ப்ளோபை (எரிஞ்ச காத்து ரிங்க தாண்டி கீழ கசியறது), மூடிய எடுக்க விடாம உள்ள இழுத்துப் பிடிச்சா பிசிவி பக்கம் கோளாறு.

கேட்டவர்:
பிசிவி ஓகே, மூடில பெருசா எதுவும் தள்ளல. ப்ளக் கழட்டினா மூணாவது மட்டும் கருப்பா ஈரமா இருக்கு, மத்தது பழுப்பு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) 170, 170, 165, 170 பிஎஸ்ஐ. ரிங் தேஞ்சிருந்தா ஏறும்னு சிலிண்டருக்குள்ள கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தா பெருசா ஏறல. இறக்கத்துல இறங்கி மிதிச்சப்ப நீலமா ஒரு மேகம் வந்துச்சாம். அப்ப ரிங் இல்லனு முடிவு பண்ணிடலாமா?

ஸ்பேனர்:
கம்ப்ரஷன மட்டும் வச்சு ரிங்க விடுதலை பண்ண முடியாது. அந்த டெஸ்ட் மேல இருக்கற ரெண்டு ரிங்கத்தான் சொல்லும். மூணாவதா இருக்கற ஆயில் ரிங் கார்பன் அடைச்சு இறுகிப்போனாலும் ரீடிங் அம்சமா இருக்கும், ஆயில் மட்டும் போய்க்கிட்டே இருக்கும். ப்ளக் ஓட்டை வழியா கேமரா விட்டு பிஸ்டன் தலைய பாருங்க, ஓரம் மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்சுனு இருந்தா ஆயில் ரிங் வழியா வருது. இன்டேக் மேனிஃபோல்ட எடுத்துட்டு வால்வோட முதுகப் பாருங்க, அங்க ஈரமா கருப்புக் கட்டி ஒட்டியிருந்தா சீல்.

புதுசு:
குறுக்க கேக்குறேன் அண்ணா, பேசாம திக்கான ஆயில் ஊத்திட்டா நின்னுடாதா?

பழையவண்டி:
கொஞ்சம் குறையும் தம்பி, நிக்காது. மேனுவல்ல இருக்கற கிரேடுகளுக்குள்ள ஒரு படி மேல போலாம், அதுக்கு மேல போனா வேரியபிள் வால்வ் டைமிங் இருக்கற இன்ஜின்ல சின்ன சின்ன ஆயில் வழி இருக்கு, அங்க புதுத் தலைவலி வரும். எரியற ஆயில் போற வழில புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் சேர்த்து நாசம் பண்ணும், அதனால தள்ளிப் போடறது லாபம் இல்ல.

கேட்டவர்:
பிஸ்டன் ஓரம் சுத்தி ஒரே மாதிரி கார்பன், பளிச்சுனு எங்கயும் இல்ல. மூணாவது இன்டேக் வால்வ் முதுகுலதான் கட்டி கட்டியா. ஆனா சீல் மாத்த ஹெட்ட இறக்கணும்னு சொல்றாங்களே?

ஸ்பேனர்:
பல இன்ஜின்ல தேவையில்ல. அந்த சிலிண்டர மேல் டெட் சென்டர்ல (பிஸ்டன் உச்சில இருக்கற நிலை) நிறுத்தி ப்ளக் ஓட்டை வழியா கம்ப்ரசர் காத்து கொடுத்தா வால்வ் கீழ விழாம நிக்கும், ஸ்ப்ரிங்க அமுக்கி, அத வால்வோட பிடிச்சு வைக்கிற குட்டி லாக்க எடுத்து சீல மாத்திடலாம். காத்து கொடுக்கும்போது கிராங்க் சுத்திடாம பிடிச்சு வைக்கணும். ஹெட்டுக்குள்ள லாக் விழாம துணி அடைச்சுக்கங்க, விழுந்தா அந்த நாள் போச்சு. அப்படியே வால்வ் தண்ட பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, கைடுல (வால்வ் தண்டு ஓடற குழாய்) ஆட்டம் இருந்தா புது சீலும் நிக்காது, அப்பதான் ஹெட் இறக்கற பேச்சு.

கேட்டவர்:
எட்டு இன்டேக் சீலும் மாத்தியாச்சு. பழசுல மூணாவது சிலிண்டரோடது நகத்தால அமுக்கினா நொறுங்குது, ரப்பர்னே சொல்ல முடியாது. கைடுல ஆட்டம் இல்ல. ஆனா இன்னைக்கு காலைல மறுபடி லேசா புகை வந்துச்சே?

பழையவண்டி:
சைலன்சருக்குள்ள ஏற்கனவே படிஞ்ச ஆயில் எரிஞ்சு தீரணும், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். புகைய விட்டுட்டு டிப்ஸ்டிக்க பாருங்க, சமதரைல நிறுத்தி, இன்ஜின் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு. 1000 கிலோமீட்டர் ஓட்டிட்டு லெவல் எவ்ளோனு இங்க போடுங்க.