கோதுமைக்கு மூணாவது மூட்டை யூரியா தேவையா?

கரிசல்காடு: பஞ்சாப் விவசாயி யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார் என்று ஆளாளுக்குத் திட்டுகிறீர்கள். லூதியானா வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ யூரியா மூட்டை ரெண்டும், தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டி.ஏ.பி. உரம் ஒரு மூட்டையும் போட்டால் கணக்கு முடிந்தது. மூணாவது மூட்டை போட்டால் குடியா முழுகிவிடும்? தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டு, கூடும், இலை அகலும், வெயிலை நிறையப் பிடிக்கும். மகசூல் கூடத்தானே வேண்டும்?

நீர்முள்ளி: குடி முழுகாது, பயிர் சாயும். இலைப்பரப்பு நிலப்பரப்பைப்போல் நாலைந்து மடங்கு வந்துவிட்டாலே, விழுகிற வெயிலில் பெரும்பங்கைப் பயிர் பிடித்துவிடும். அதற்கு மேல் வரும் இலை கீழ் இலைக்கு நிழல்தான். அப்படிப்பட்ட வயலில் பயிரை விலக்கிப் பாருங்கள். அடியிலை பழுத்து, தண்டு வெளுத்து நீண்டு, அழுத்தினால் நசுங்கும். மார்ச்சில் தண்ணீர் கட்டிய அன்று காற்றடித்தால் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும்.

கரிசல்காடு: அதற்குத்தானே கோதுமை விஞ்ஞானி போர்லாக் சாயாத குட்டை ரகம் கொடுத்தார்? கல்யாண் சோனா, சொனாலிகா எல்லாம் உரத்தைத் தாங்கி நின்ற ரகங்கள்.

நீர்முள்ளி: தாங்குவதற்கும் அளவு உண்டு ஐயா. சரி, சாய்வதை விடுங்கள். விதைத்து 21 நாளில் முதல் தண்ணீர் ஏன்? அப்போதுதான் மேல்வேர் இறங்கும், தூர் கிளம்பும். அதைக் கோட்டைவிட்டால் எத்தனை மூட்டை போட்டாலும் போன தூர் திரும்பாது.

வெண்ணி: நடுவில் வருகிறேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மானாவாரிக் கோதுமைக்கு இதே வம்பு. தழைச்சத்து கூடினால் பயிர் தளதளவென்று வளர்ந்து மண்ணின் ஈரத்தைப் பூப்பதற்குள்ளேயே குடித்துத் தீர்த்துவிடும். மணி பிடிக்கும்போது ஈரம் இருக்காது. வைக்கோல் நிறைய, மணி சூம்பல்!

கரிசல்காடு: அது மழையை நம்பிய ஊர். பஞ்சாபில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் இலவசம்.

நீர்முள்ளி: நிலத்தடி நீர் வருஷாவருஷம் இறங்குகிற ஊரில் இதைச் சொல்கிறீர்களே! 2022 மார்ச் வெயிலில் அங்கேயே மணி சுருங்கியதே, மறந்துவிட்டதா?

கரிசல்காடு: அது வெயில் செய்த வேலை. யூரியா மேல் ஏன் பழி?

வெண்ணி: வெயில்தான். ஆனால் தழைச்சத்து மிஞ்சினால் பயிர் பச்சை மாறாமல் நின்று முற்றுவது தள்ளிப்போகும்; மணி பிடிப்பது அந்த வெயிலில் போய் மாட்டும். மூணாவது மூட்டையைப் பிரிப்பதற்கு முன் பல பச்சை நிறப் பட்டைகள் கொண்ட இலைவண்ண அட்டையை இலையோடு வைத்துப் பாருங்கள். பச்சை போதுமானால் மூட்டை கொட்டகையிலேயே இருக்கட்டும்.

கரிசல்காடு: அட்டை பார்க்கிறேன். ரெண்டு மூட்டையோடு நிறுத்துவேன் என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள்.